உப்புநீரோடு ஒரு பந்தயம்

ஊசிக்குழலைச் சுற்றி மறைப்பு ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் திரவம் சிவப்பா, நிறமற்றதா என்பது ஊசி போடுகிற மருத்துவருக்குத் தெரியாது. குதிகாலைக் காட்டியபடி படுத்திருந்தவருக்கும் தெரியாது. நெதர்லாந்தில் டி வோஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 54 பேரை வைத்து நடத்திய சோதனை இது. 54 பேருக்கும் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த தசைநாணில் மாதக்கணக்காக வலி. எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு, அவரவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவை, மருத்துவமனைப் பேச்சில் சொன்னால் பிஆர்பியை, ஏற்றினார்கள். மீதிப் பேருக்கு ஏறியது உப்புநீர்.

வலி எவ்வளவு, படி ஏற முடிகிறதா, ஓட முடிகிறதா என்றெல்லாம் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும் ஒரு வினாத்தாள் இதற்கென்றே உண்டு. 24 வாரம் கழித்து பிஆர்பி குழுவினர் சராசரியாக 21.7 மதிப்பெண் முன்னேறியிருந்தார்கள். உப்புநீர்க் குழுவினர் 20.5. தற்செயலாகவே வந்துவிடக்கூடிய வித்தியாசம். 2010 ஜனவரியில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

“பிஆர்பி போட்டுக்கொண்டேன், வலி போய்விட்டது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அந்தக் குழுவில் பலர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உப்புநீர் ஏறியவர்களிலும் அதே அளவு பேர் அதையேதான் சொல்லியிருப்பார்கள். வலி குறைந்ததா என்பதில் தகராறு இல்லை. குறைந்த பெருமையை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

தசைநாண் என்பது தேங்காய் நார்க் கயிறு போன்ற அமைப்பு. கொலாஜன் என்ற புரதத்தின் மெல்லிய இழைகள் சேர்ந்து புரிகளாகி, புரிகள் சேர்ந்து கற்றைகளாகி, ஒரே திசையில் இழுவிசையைத் தாங்குகின்றன. ஓடும்போது குதிகால் தசைநாண் தாங்கும் விசை உடல் எடையைப்போலப் பல மடங்கு. இவ்வளவு வேலை செய்யும் உறுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, செல்களும் குறைவு. தோலில் கீறல் விழுந்தால் ஒரு வாரத்தில் மூடிக்கொள்கிறது. தசைநாண் ஏன் அப்படி ஆறுவதில்லை என்ற கேள்விக்கு, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அணுகுண்டுச் சோதனையிலிருந்து.

1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் இருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரு மடங்கானது. 1963-ல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அது ஆண்டுக்காண்டு சீராகக் குறைந்துவந்தது. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து நம் உடலுக்கும் அந்தக் கார்பன் வந்து சேர்கிறது. ஆகவே உடலின் ஒரு திசுவில் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசு எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்று சொல்லிவிடலாம். கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹைனமையரும் அவருடைய குழுவினரும் 28 பேரின் குதிகால் தசைநாண்களை இப்படி அளந்து 2013-ல் எழுதினார்கள். தசைநாணின் மையப்பகுதி முழுவதும் அவரவர் வாழ்வின் முதல் 17 ஆண்டுகளில் உருவானது. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்பட்ட தடயமே இல்லை. அருகிலிருக்கும் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஐம்பது வயதில் நாம் நடப்பது பள்ளிப் பருவத்தில் நெய்த நாணில்தான்.

2018-ல் அதே முறையில் நோயுற்ற தசைநாண்களை அளந்தார்கள். அங்கே படம் வேறு மாதிரி இருந்தது. நலமான நாணில் நடக்காத புதுப்பித்தல் இதில் நடந்திருந்தது. அதுவும் வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே. வலி வந்த தேதியை நோயின் தொடக்கமாகக் கொள்வது நம் வழக்கம்; தசைநாண் விஷயத்தில் அது பிந்திய அறிவிப்பு.

நுண்ணோக்கியில் பார்த்தால் நாள்பட்ட வலியுள்ள தசைநாணில் சாதாரண அழற்சிக்குரிய செல்கள் அதிகம் தென்படுவதில்லை. ஒழுங்காக ஓடவேண்டிய கொலாஜன் இழைகள் குலைந்து கிடக்கும். தேவையில்லாத புது ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும். அவற்றோடு சேர்ந்து நரம்பிழைகளும் உள்ளே வந்திருக்கும். பளுவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திசு தடுமாறிய கோலம் இது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுத்தேவிடக் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது.

ஆறும் திறன் குறைந்த இடத்துக்கு, ஆற்றும் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன? பிஆர்பியின் மூலக் கருத்து இவ்வளவுதான். கேட்டதுமே சரியென்று தோன்றும் கருத்து என்பதால்தான் அது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பிளேட்லெட்டை டெங்குக் காய்ச்சல் நம் வீட்டுச் சொல்லாக்கிவிட்டது. எண்ணிக்கை விழுந்துவிட்டதா, ஏறிவிட்டதா என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பதறாத குடும்பம் குறைவு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் இந்தத் துணுக்குகளின் விட்டம் 2 முதல் 3 மைக்ரான். உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ராட்சத செல்களிலிருந்து உதிர்ந்து, ஏழு முதல் பத்து நாள் சுற்றிவிட்டு மடிகின்றன. நாளொன்றுக்கு உடல் இவற்றைப் பத்தாயிரம் கோடி அளவில் உருவாக்குகிறது. இத்தாலியரான பிட்சொசேரோ 1882-ல் இவற்றைத் தெளிவாக விவரித்தபோது ரத்தத்தை உறைய வைப்பதுதான் இவற்றின் தொழில் என்று புரிந்தது. இவற்றுக்குள் இருக்கும் சிறு பைகளில் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் அடைபட்டிருக்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட் ஒட்டிக்கொண்டதும் பைகள் திறக்கின்றன. அந்தப் புரதங்கள் செல்களை அழைக்கின்றன, பெருகச் சொல்கின்றன, கொலாஜன் நெய்யச் சொல்கின்றன, ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நோயுற்ற தசைநாணில் ஏற்கெனவே புது ரத்தக் குழாய்கள் மிகையாக முளைத்துக் கிடக்கின்றன என்றல்லவா பார்த்தோம்? அங்கே இன்னும் முளைக்கச் சொல்லும் புரதத்தை ஊற்றுவது எப்படி மருந்தாகும்? ஆதரவாளர்களிடம் இதற்கு விளக்கங்கள் இருக்கின்றன: நின்றுபோன ஆறும் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவைக்கிறோம் என்பார்கள். ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் தசைநாண் செல்கள் பிஆர்பியைக் கண்டதும் சுறுசுறுப்பாவதும் உண்மைதான். கிண்ணத்திலிருந்து குதிகாலுக்கு வரும் வழி நீளமானது.

செய்முறை எளிது. முழங்கை மடிப்பில் 15 முதல் 60 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சள் பிளாஸ்மா. நடுவில் மெல்லிய படலமாக வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டுகளும். வேண்டிய பகுதியை உறிஞ்சி எடுத்தால் சாதாரண ரத்தத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு பிளேட்லெட் செறிந்த சில மில்லி திரவம் கிடைக்கும். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டு அதை நோயுற்ற இடத்தில் செலுத்துகிறார்கள். பிளேட்லெட்டுகள் செயல்படத் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பைகளில் இருப்பதில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

மயாமியில் தாடை அறுவை மருத்துவரான ராபர்ட் மார்க்ஸ் 1998-ல் தாடை எலும்பு ஒட்டுகளில் இதைப் பயன்படுத்தி எழுதியது துறையில் பேசப்பட்டது. தசைநாணுக்குக் கொண்டுவந்த முதல் முக்கியமான கட்டுரை 2006-ல் கலிஃபோர்னியாவின் ஆலன் மிஷ்ராவுடையது. வேறெதற்கும் மசியாத முழங்கை வலி உள்ள 20 பேர். 15 பேருக்கு பிஆர்பி, 5 பேருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும். எட்டு வாரத்தில் முதல் குழுவின் வலி 60 சதவீதம் குறைந்தது, இரண்டாவது குழுவுக்கு 16 சதவீதம். பளிச்சென்ற எண்கள். ஆனால் யாருக்கு எது என்று குலுக்கிப் போடப்படவில்லை. எட்டு வாரத்துக்குப் பிறகு அந்த ஐந்து பேரில் மூவர் விலகிப் போனார்கள். அதற்கு மேல் ஒப்பிட ஆள் இல்லை. இரண்டாண்டு கழித்து பிஆர்பி குழுவின் வலி 93 சதவீதம் குறைந்துவிட்டது என்று கட்டுரை சொல்கிறது. குறைந்திருக்கும். ஊசியே போடாமல் இரண்டாண்டு விட்டிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதைச் சொல்லத்தான் யாருமில்லை.

கட்டுரையைவிட விளையாட்டு வீரர்கள்தான் இதைப் பிரபலமாக்கினார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு முழங்கால் லிகமென்ட் காயத்துக்கு பிஆர்பி போட்டுக்கொண்டு, சில நாட்களில் 2009 சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் இறங்கி, அவருடைய பிட்ஸ்பர்க் அணி கோப்பையும் வென்றது. ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலும் முழங்கால் தசைநாண் வலிக்கு இதே சிகிச்சையை நாடினார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2010-ல் தசைக்குள் பிஆர்பி செலுத்துவதைத் தடைசெய்தது. திறனைக் கூட்டுவதற்கு ஆதாரமில்லை என்று 2011-ல் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டது. தடையும் ஒரு விளம்பரம்தான். நம் ஊரிலும் இன்று முடி உதிர்வுக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் பிஆர்பி என்ற பலகைகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

இனி முழங்கைக்கு வருவோம். பிஆர்பியின் மிகப் பெரிய வெற்றி என்று காட்டப்படுவது டென்னிஸ் எல்போதான். பெயரில் டென்னிஸ் இருந்தாலும் மட்டையையே தொடாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. சச்சின் டெண்டுல்கரின் கிரிக்கெட் முழங்கையைப் பிடித்து 2005-ல் லண்டனில் அறுவைச் சிகிச்சை வரை இட்டுச் சென்றதும் இதுவே. மணிக்கட்டைப் பின்பக்கம் வளைக்கும் தசை, முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் பற்றும் இடத்தில் வலிக்கும். துணி பிழிந்தாலும் வலிக்கும், குடத்தைத் தூக்கினாலும் வலிக்கும்.

2010-ல் நெதர்லாந்தின் பேர்பூம்ஸ் குழு 100 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு பிஆர்பியும் மறு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசியும் போட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பிஆர்பியில் 73 சதவீதம் பேருக்கும் ஸ்டீராய்டில் 49 சதவீதம் பேருக்கும் வலி போதிய அளவு குறைந்திருந்தது. முறையான சோதனை, தெளிவான வெற்றி. பிஆர்பிக்காக வாதாடுபவர்கள் இன்றும் முதலில் எடுத்து வைக்கும் சான்று இதுதான்.

ஆனால் தோற்கடிக்கப்பட்ட எதிராளி யார் என்று பார்க்க வேண்டும். அதே நெதர்லாந்தில் 2002-ல் ஸ்மிட் என்ற ஆய்வாளரின் குழு டென்னிஸ் எல்போ உள்ள 185 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு குழுவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. பொறுத்திருந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு 92 சதவீத வெற்றியோடு முன்னால் நின்றது. பிசியோதெரபிக்கு 47, சும்மா இருந்தவர்களுக்கு 32. ஓராண்டு முடிவில் வரிசையே தலைகீழானது. பிசியோதெரபி 91, சும்மா இருந்தவர்கள் 83, ஸ்டீராய்டு 69. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கூம்ப்ஸ் குழு 165 பேரிடம் செய்து 2013-ல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பி வந்தது. உப்புநீர் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான்.

ஆக, நீண்ட கால நோக்கில் ஸ்டீராய்டு ஊசி, ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட மோசமானது. அதை வெல்வது ஒரு வெற்றியா? வெவ்வேறு சோதனைகளின் எண்களை நேராகப் பக்கத்தில் வைப்பது முழுக்க நியாயமில்லை என்பது உண்மை. பேர்பூம்ஸின் நோயாளிகளுக்கு வலி இன்னும் நாள்பட்டது. இருந்தாலும் பிஆர்பி ஸ்டீராய்டை வென்றது என்ற செய்தியிலிருந்து பிஆர்பி தசைநாணை ஆற்றுகிறது என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஸ்டீராய்டு கெடுத்தது, பிஆர்பி கெடுக்கவில்லை என்றாலும் இதே எண்கள் வரும். என் பார்வையில் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் இந்த ஒரு தாவலில்தான் இருக்கிறது.

மிஷ்ரா மறுபடி பெரிய அளவில் முயன்றார். 2014-ல் வெளிவந்த சோதனையில் 230 பேர். 12 வாரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. 24 வாரத்தில் பிஆர்பிக்கு 83.9 சதவீதம், மற்றவர்களுக்கு 68.3 சதவீதம் வெற்றி. இது நல்ல எண். ஆனால் அந்தக் கட்டம்வரை கணக்கில் இருந்தவர்கள் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். 2021-ல் காக்ரேன் அமைப்பு முழங்கை வலிக்கான 32 சோதனைகளை, 2337 பேரின் தகவல்களை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. பத்து புள்ளி வலி அளவுகோலில் மூன்று மாதக் கட்டத்தில் போலி ஊசியைவிட, சொந்த ரத்தத்தையோ பிஆர்பியையோ ஏற்றிய ஊசிகள் கூடுதலாகக் குறைத்த வலி 0.16 புள்ளி. வலியுள்ளவர் உணரவே முடியாத அளவு அது.

ஆதரவாளர்களின் மறுப்புகளில் இரண்டு கவனத்துக்குரியவை. முதலாவது, பிஆர்பி என்ற ஒரே பெயரில் பல சரக்குகள் உலவுகின்றன. ஒரு கருவி இரண்டு மடங்கு செறிவு தரும், இன்னொன்று எட்டு மடங்கு. சிலவற்றில் வெள்ளையணுக்கள் நிறைய, சிலவற்றில் இல்லை. ஒருவருடைய பிளேட்லெட் எண்ணிக்கை இன்னொருவருடையதுபோல் இருக்காது. மாத்திரையில் மில்லிகிராம் எழுதியிருக்கும். இந்தக் குழலில் எவ்வளவு இருக்கிறது என்று பெரும்பாலான இடங்களில் யாரும் அளப்பதே இல்லை. இது நியாயமான குறை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே கட்டணம் வாங்குவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. 2019-ல் ஸ்காட் குழு முழங்கால் தசைநாண் வலி உள்ள 57 பேரிடம் வெள்ளையணு மிகுந்த பிஆர்பி, குறைந்த பிஆர்பி, உப்புநீர் என்று மூன்றையும் மோதவிட்டுப் பார்த்தது. மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

இரண்டாவது மறுப்பு இன்னும் சாமர்த்தியமானது. உப்புநீரும் சும்மா இல்லை, ஊசி குத்துவதே தசைநாணைத் தூண்டிவிடுகிறது, ஆகவே உங்கள் போலிச் சிகிச்சையும் ஒரு சிகிச்சைதான் என்பது அது. இதற்குப் பதில் சொல்லும்படி பிரிட்டனில் கியர்னி குழு ஒரு சோதனையை வடிவமைத்தது. குதிகால் தசைநாண் வலி உள்ள 240 பேர். எல்லோரிடமும் ரத்தம் எடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு தசைநாணில் பிஆர்பி. மற்றவர்களுக்கு ஊசி தோலுக்குக் கீழே மட்டும் போனது. தசைநாணைத் தொடவில்லை, எதுவும் செலுத்தப்படவும் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே நூறு மதிப்பெண் வினாத்தாள். பிஆர்பி 54.4, வெற்று ஊசி 53.4. ‘ஜாமா’ 2021-ல் வெளியிட்டது. குதிகாலைப் பொறுத்தவரை வழக்கு இதோடு முடிந்தது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் டி வோஸின் நோயாளிகள் எதனால் முன்னேறினார்கள்? பகுதிக் காரணம் காலம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். உச்சத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். நம்பிக்கைக்கும் பங்கு உண்டு: ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுற்றி, திரையில் பார்த்துக் குத்தும் சடங்கு சாதாரண மாத்திரையைவிட வலுவாக வேலை செய்யும். இவற்றுக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. இரு குழுவினரும் ஒரு பயிற்சியைச் செய்தார்கள்.

ஸ்வீடனின் உமேயா நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் பயிற்சி அது. அவருக்கே குதிகால் தசைநாண் வலி இருந்தது. அறுவை செய்யுங்கள் என்று கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட, நாண் அறுந்தாவது போகட்டும், அப்போது அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று அதன்மேல் பளு ஏற்றத் தொடங்கினாராம். வலி போய்விட்டது என்று கதை. 1998-ல் அவர் வெளியிட்ட முறைப்படி, படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலை மாலை இருவேளை. நாளுக்கு 180. பன்னிரண்டு வாரம், விடுமுறை கிடையாது. வலித்தாலும் தொடர வேண்டும். வலிக்காமல் போனால் முதுகுப் பையில் எடை கூட்ட வேண்டும். இதைச் செய்த 15 ஓட்டக்காரர்களும் பழையபடி ஓடினார்கள்.

மிஷ்ராவிடம் கண்ட குறை இங்கும் இருக்கிறது: 15 பேர், குலுக்கல் இல்லை. பின்னால் வந்த சோதனைகள்தான் இதைக் காப்பாற்றின. ஜெர்மனியின் ரோம்பெ 2007-ல் 75 பேரைக் குலுக்கிப் பிரித்தபோது, நான்கு மாதத்தில் பயிற்சி செய்தவர்களில் 60 சதவீதம் பேர் தேறினார்கள். காத்திருந்தவர்களில் 24 சதவீதம். 180 தடவை என்பது வேதவாக்கும் இல்லை. டென்மார்க்கின் பேயர் குழு 2015-ல், வாரத்துக்கு மூன்று நாள் கனமான எடையை மெதுவாகத் தூக்கி இறக்கினாலே அதே பலன் என்று காட்டியது.

பிஆர்பி ஊசியால் பெரிய ஆபத்து இல்லை. சில நாள் வலி கூடும்; கிருமித்தொற்று அரிது. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தேறாதவர், முழங்கை வலிக்காக அறுவைக்குப் போகுமுன் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதில் குற்றம் காண மாட்டேன். ஆனால் ஊசி போட்ட பிறகு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு நாள் ஓய்வு, அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கூடாது, மெல்ல நடக்கலாம், இரண்டாவது வாரத்தில் தசையை நீட்டும் பயிற்சி. அதன்பின் சீட்டில் எழுதியிருப்பது படி விளிம்பும், குதிகாலை இறக்குவதும், பன்னிரண்டு வாரமும்.